கனடாவில இருந்து திரும்பி வந்து யாழ்ப்பாணத்தில பழைய கார் வாங்குறது: புக், ஓப்பன் பேப்பர், புகைப் பரிசோதனை

கோண்டாவில்_திரும்பினவள்:

வணக்கம். ரொறன்ரோவில இருந்து ஊரோட வந்தாச்சு. இரட்டைப் பிரஜாவுரிமை, அடையாள அட்டை எல்லாம் சரி. இப்ப ஒரு கார் வேணும், பக்கத்தில சந்தைக்குப் போய்வர ஒரு ஸ்கூட்டியும் வேணும். அங்க கார் வாங்கினா சேர்விஸ் ஒன்ராறியோ எண்ட மாகாண அரசின்ர அலுவலகத்துக்குப் போய், பத்திரத்தைக் குடுத்து, பிளேற்றை வாங்கிப் பூட்டினாச் சரி. இங்க ஆளுக்கு ஒரு கதை சொல்லுகினம்.

பார்த்து வைச்சிருக்கிறது ஒரு ஜப்பான் சுசுகி வேகன் ஆர் கார். விற்கிறவர் புக்கில இருக்கிற ஆள் இல்லை. "மூன்றாவது கை, பேப்பர் ஓப்பன், சைன் வைச்சிருக்கு, உங்களுக்கு விருப்பமான நேரம் மாத்தலாம்" எண்டு சொல்லுறார். லீசிங் முடிஞ்சுதாம், ஆனா காட்டினது புக்கின்ர போட்டோக்கொப்பிதான். ஸ்கூட்டி ஒரு ஹொண்டா டியோ. அது பிரான்சுக்குப் போன ஒருத்தரின்ர பெயரில இருக்கு, தம்பியார் விற்கிறார்.

என்ர கேள்விகள்: ஓப்பன் பேப்பரில வாங்கலாமா? என்னென்ன பத்திரம் பார்க்கவேணும்? ஒன்ராறியோ ஜி லைசன்ஸ் வைச்சு ரெண்டையும் ஓடலாமா? இன்சூரன்ஸ் என்ர பெயரில எப்ப மாறும்? தெரிஞ்சவை ஒழுங்காச் சொல்லுங்கோ, புண்ணியமாப் போகும்.

கச்சேரியடி:

தங்கச்சி, முதலில் ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கோ. ஒன்ராறியோவில் நம்பர் பிளேற் ஆளுக்குச் சொந்தம். காரை விற்றால் கழற்றி எடுத்துக்கொண்டு போய் அடுத்த காரில் பூட்டலாம். இங்கே நம்பர் வாகனத்தோடு வந்தது, வாகனத்தோடுதான் போகும். நம்பர் மட்டுமில்லை, அந்த வாகனத்தில் கிடக்கிற லீசிங் கடன், கட்டாத ஆடம்பர வரி, நீதிமன்றத் தடை எல்லாம் கூடவே வரும். அங்கே விற்கிறவர் யூஸ்ட் வெஹிக்கிள் இன்ஃபர்மேசன் பக்கேச் என்று ஒரு கட்டுத் தரவேணும், கடன் இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். இங்கே அப்படி ஒருவரும் கொண்டுவந்து நீட்டமாட்டினம். நீங்களேதான் தோண்டிப் பார்க்கவேணும்.

புக் என்று எல்லாரும் சொல்லுறது பதிவுச் சான்றிதழை. அதில் பார்க்கவேண்டியது நம்பர் இல்லை, இரண்டு பெயர். ஒன்று இப்போதைய பதிவு உரிமையாளர். மற்றது அப்சலூட் ஓனர் என்ற கட்டம். லீசிங் எடுத்த வாகனம் என்றால் அந்தக் கட்டத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். வாகனத்தின் உரித்து அந்த நிறுவனத்திடம்தான், பதிவு உரிமையாளர் ஓடித் திரியிற ஆள் மட்டுமே. தவணை முழுக்கக் கட்டி முடிந்தாலும் அந்தப் பெயர் தானாக அழியாது. நிறுவனம் மூலப் புக்கையும், தன் பெயரை நீக்கச் சம்மதிக்கிற கடிதத்தையும், கையொப்பம் வைத்த படிவத்தையும் கொடுக்கவேணும். அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய் நீக்கப்பட்ட பிறகுதான் வாகனம் சுத்தம்.

உங்களுக்குக் காட்டினது போட்டோக்கொப்பி. அதுக்குக் காரணம் அநேகமாக மூன்றில் ஒன்று. லீசிங் முடியவில்லை, புக் இன்னும் நிறுவனத்தில் கிடக்கு. அல்லது லீசிங் முடிந்து, அந்தப் புக்கை வேறு ஆளிடம் வைத்துக் காசெடுத்திருக்கு. மூன்றாவது, புக் உண்மையாகவே துலைந்துபோச்சு. முதலாவதைத் தீர்க்கலாம்: நிறுவனத்துக்கு நேரே போய் மிச்சத் தொகையை எழுத்தில் வாங்கி, அந்தக் காசை நேரே நிறுவனத்துக்கே கட்டலாம். விற்கிறவர் கையில் கொடுத்து "நீங்கள் கட்டிவிடுங்கோ" என்று மட்டும் விடவேண்டாம். இரண்டாவது என்றால் விலகிவிடுங்கோ. "துலைந்துபோச்சு, பொலிஸ் முறைப்பாடு போட்டு இரண்டாம் பிரதி எடுத்துத் தாறன்" என்றால், எடுத்த பிறகு பேசுவோம் என்று சொல்லுங்கோ. பிரதி எடுக்கிறது அவருடைய வேலை.

ஓப்பன் பேப்பர் விசயம். கைமாற்றத்துக்கு எம்.ரி.ஏ 6 என்ற விண்ணப்பமும், வாகனம் கைமாறிவிட்டது என்று பழைய உரிமையாளர் அறிவிக்கிற எம்.ரி.ஏ 8 படிவமும் வேணும். புக்கில் இருக்கிற ஆள் இவற்றில் கையொப்பம் வைத்து, வாங்குபவர் பகுதியை வெறுமையாக விட்டுக் கொடுத்தால் அது ஓப்பன் பேப்பர். அந்தக் கட்டு கை மாறி மாறிப் போகும். இடையில் வந்த ஒருவரின் பெயரும் எங்கேயும் பதிவாகாது. மோட்டார் வாகனச் சட்டம் 1951 இன் 14 ஆம் இலக்கச் சட்டம். கைமாறினால் ஆணையாளருக்கு அறிவித்துப் பெயரை மாற்றவேணும் என்றுதான் அது சொல்லுது. ஓப்பன் பேப்பர் சட்டம் தந்த சலுகை இல்லை, ஊர் வழக்கம்.

அதில் எங்கே பிழைக்கும்? படிவத்தில் உள்ள கையொப்பம் திணைக்களக் கோப்பில் உள்ளதோடு பொருந்தாமல் போகலாம். பழைய உரிமையாளர் இறந்திருக்கலாம், இறந்த ஆளின் வெற்றுப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது குற்றம். அவர் வெளிநாடு போயிருக்கலாம், திணைக்களம் ஆளைக் கேட்டால் கொண்டுவர ஏலாது. அல்லது அவர் மனம் மாறி "நான் விற்கவில்லை" என்று ஒரு முறைப்பாடு போட்டால், காசு கட்டின உங்களிடம் காட்ட ஒரு துண்டும் இருக்காது. அதனால் முன்னால் நிற்கிறவரிடம் வாங்காதீர்கள், புக்கில் இருக்கிற ஆளிடம் வாங்குங்கோ. இடையில் நிற்கிறவருக்கு இலாபம் போகட்டும், அதில் எங்களுக்கு என்ன? ஆனால் கையொப்பம் உங்களுக்கு முன்னால், அடையாள அட்டையோடு விழவேணும். மிச்சக் காசு அதுக்குப் பிறகு, வங்கியூடாக.

காசு கொடுக்க முதல், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் நம்பரைப் போட்டு, எஞ்சின், சாசி இலக்கமும் அப்சலூட் ஓனரும் புக்கோடு ஒத்துப்போகுதா என்று பாருங்கோ. சந்தேகம் இருந்தால் கோப்பில் இருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். முந்தைய உரிமையாளர்களின் வரிசையும் தெரியும்.

உங்கள் பக்கத்தில் தேவையானவை: அடையாள அட்டை, முகவரிச் சான்று, டின் என்கிற வரி அடையாள இலக்கம். 2025 ஏப்ரலில் இருந்து கார் பதிவுக்கும் கைமாற்றத்துக்கும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் டின் கேட்கினம். வெளிநாட்டில் இருந்து வந்த ஆக்கள் அதை மறந்து கவுண்டரில்தான் முழிக்கிறது. இணையத்திலேயே எடுக்கலாம், காருக்கு அட்வான்ஸ் கொடுக்க முதலே எடுத்து வையுங்கோ.

இன்னொன்று, எங்கட ஆக்களுக்கே உரியது: பெயர் எழுத்து. தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தில் புக்கில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, கனடாப் பாஸ்போர்ட்டில் மூன்றாவது மாதிரி இருக்கும். விற்கிறவருக்கு அப்படி இருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கோ. கொழும்பில் நாரஹேன்பிட்டித் திணைக்களத்துக்குப் போய்த் திரும்பி வருகிற செலவை நினைத்தால் அது ஒரு செலவே இல்லை.

சுன்னாகம்_கராஜ்:

பத்திரம் பற்றி மேல அண்ணை நல்லாச் சொல்லிப்போட்டார். வாகனத்தை நான் சொல்லுறன்.

கனடாவில நீங்கள் 17 எழுத்து வின் எண்ட வாகன அடையாள நம்பரைப் போட்டு, கார்ஃபாக்ஸ் எண்ட வாகன வரலாற்று அறிக்கை எடுத்துப் பழகியிருப்பியள். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக் காருக்கு அந்த 17 எழுத்து இல்லை. மொடல் குறியீடு, ஒரு கோடு, பிறகு தொடர் இலக்கம், அவ்வளவுதான். வேகன் ஆர் எண்டா எம்.எச்.34.எஸ், எம்.எச்.44.எஸ், எம்.எச்.55.எஸ் மாதிரித் தொடங்கும். எம்.எச்.55.எஸ் 2017 இல வந்த உடம்பு. புக்கில 2015 தயாரிப்பு எண்டு போட்டிருந்து குறியீடு 55 ஆ இருந்தா ஏதோ பிழை. இந்தியாவில செய்த மாருதி அல்ற்றோவுக்கு 17 எழுத்து இருக்கும், எம்.ஏ.3 எண்டு தொடங்கும். ரெண்டையும் குழப்பவேண்டாம்.

சாசி நம்பர் தகட்டில மட்டும் பார்க்காதேங்கோ. தகட்டைக் கழற்றிப் பூட்டலாம். உடம்பில குத்தியிருக்கிற இடத்தைத் தேடிப் பிடியுங்கோ. மொடலைப் பொறுத்து எஞ்சினுக்குப் பின் சுவரில இருக்கும், இல்லாட்டி முன் சீற்றுக்குக் கீழ தரையில, கார்ப்பெற்றைத் தூக்கினாத் தெரியும். எழுத்து ஒரே ஆழத்தில, ஒரே வரிசையில இருக்கவேணும். சுத்திவரப் பெயின்ற் நிறம் மாறியிருந்தா, வெல்டிங் கோடு ஓடியிருந்தா, மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சுப் போட்டு ரோச் அடிச்சுப் பாருங்கோ. எஞ்சின் மாத்தியிருந்தா அதுவும் புக்கில ஏறியிருக்கவேணும். நிறம் மாத்தினாலும் அப்பிடித்தான். வெள்ளை எண்டு புக்கில, சிவப்பு எண்டு றோட்டில நிண்டா பொலிஸ் மறிக்கிறதுக்கு வேற காரணம் தேவையில்லை.

கிலோமீற்றர் மீற்றரை நம்பவேண்டாம். சாசி நம்பரைக் குடுத்தா ஜப்பான் ஏலத் தாளை எடுத்துத் தாற சேவைகள் இருக்கு. ஏலத்தில நிண்ட கிலோமீற்றரையும் இப்ப மீற்றரில உள்ளதையும் ஒப்பிட்டா உண்மை தெரியும். தயாரிச்ச ஆண்டும் இங்க பதிஞ்ச ஆண்டும் ஒண்டில்லை. விலை தயாரிச்ச ஆண்டுக்குத்தான் பேசவேணும். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 தொடக்கத்திலதான் தனியார் கார்களுக்குத் திறந்தவை. அந்த இடைவெளியால பழைய காருக்கு ஏறின விலையை இன்னும் சில பேர் பிடிச்சுக்கொண்டு நிக்கினம், பேரம் பேசுங்கோ.

பெரிய பிழை ஒண்டு வெளிநாட்டால வாற ஆக்கள் விடுறது: புகைப் பரிசோதனையை அங்கத்தை சேப்ரி சேர்டிபிக்கற் மாதிரி நினைக்கிறது. ஒன்ராறியோவில பழைய காரைப் பதிய பிரேக், ஸ்டியரிங், துரு எல்லாம் பார்த்த சான்றிதழ் வேணும், புகைப் பரிசோதனையைச் சாதாரணக் கார்களுக்கு 2019 ஏப்ரலோட நிப்பாட்டிப்போட்டினம். இங்க தலைகீழ். தனியார் காருக்கு வருசா வருசம் புகை மட்டும்தான். பிரேக் பைப்பு அறுந்து தொங்கினாலும் புகை பாஸ் ஆகும். அதால சொந்தச் செலவில ஒரு மெக்கானிக்கிட்டக் காட்டுங்கோ, விற்கிறவர் கூட்டிக்கொண்டு போற கராஜ் வேண்டாம். ஜாக்கில தூக்கிக் கீழ பார்க்கவேணும். பண்ணைப் பக்கம், காரைநகர், ஊர்காவற்றுறை ஓடின வாகனம் எண்டா உப்புக் காத்தால கதவுக்குக் கீழ உள்ள விளிம்பில, பின் சஸ்பென்சன் பிடிக்கிற இடங்களில துரு நல்லாப் பிடிச்சிருக்கும். மேல பெயின்ற் பளபளக்கும், கீழ சுத்தியலால தட்டினா உதிரும்.

ஹைபிரிட் எண்டா பற்றரிக் குளிரூட்டி விசிறியின்ர வடிகட்டி அடைச்சிருக்கா, எரர் கோட் அழிச்சு விட்டிருக்கா எண்டு ஸ்கான் போட்டுப் பாருங்கோ. அழிச்ச அண்டைக்கு ஸ்கான் சுத்தமா வரும். குறைஞ்சது ஒரு நீண்ட ஓட்டம் ஓடிப்போட்டுத் திரும்பவும் போடச் சொல்லுங்கோ.

நல்லூர்_தெற்கு:

லைசன்ஸ் கேள்விக்கு ஒருவரும் வரவில்லை.

அக்கா, ஜி என்பது கார். ஒன்ராறியோவிலேயே மோட்டார் சைக்கிளுக்கு எம் வேணும். அது இல்லாமல் இங்கே ஸ்கூட்டி ஓடினால் லைசன்ஸ் இல்லாமல் ஓடினதாகத்தான் கணக்கு. ஸ்கூட்டிதானே, சின்னதுதானே என்று பொலிஸும் பார்க்காது, இன்சூரன்ஸும் பார்க்காது. இலங்கையில் ஏ1 என்பது 100 சிசி வரை, ஏ என்பது அதற்கு மேல், பி1 ஓட்டோ, பி கார். நீங்கள் பார்த்த டியோ 109 சிசி, ஆகவே ஏ வகுப்பு வேணும். ஸ்கூட்டி பெப் பிளஸ் 87.8 சிசி, அதுக்கு ஏ1 போதும். எப்படியும் பரீட்சை எழுதி ஓடிக் காட்டப்போறீங்கள், ஏ ஆகவே எடுங்கோ. பிறகு வண்டி மாற்றும்போது தலையிடி இல்லை.

காருக்கு: கனடாவில் எடுத்த சர்வதேச அனுமதிப்பத்திரம் ஒரு வருடத்துக்குத்தான், அதையும் கொழும்பில் ஓட்டோமொபைல் அசோசியேசனில் காட்டி அங்கீகாரம் எடுக்கவேணும். நீங்கள் ஊரோடு வந்த ஆள், அதில் மினக்கெடாமல் வெளிநாட்டு லைசன்ஸை இலங்கை லைசன்ஸாக மாற்றுங்கோ. அந்த வேலை கொழும்புப் பக்கம் வெரஹெரவில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்தில். அதுக்கு முதல் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ் வேணும்.

கனடாவில் இருக்கிற காரைக் கப்பலில் ஏற்றலாமோ என்று யாரும் யோசனை சொன்னால், வேண்டாம். இடப்பக்க ஸ்டியரிங் வாகனத்தை இங்கே இறக்க விடமாட்டினம்.

கோண்டாவில்_திரும்பினவள்:

எல்லாருக்கும் நன்றி. வேகன் ஆர்க்காரரிட்ட மூலப் புக்கைக் கேட்டன், "அடுத்த கிழமை" எண்டு இழுக்கிறார். விட்டுட்டன். இப்ப ரெண்டு விசயம். பிரான்சில இருக்கிற ஆளின்ர டியோவை எப்பிடி முறையா வாங்கிறது? மற்றது, வேற கார் கிடைச்சா அதில ஒட்டியிருக்கிற, வருசா வருசம் புதுப்பிக்கிற வருமான உத்தரவுப்பத்திரமும் இன்சூரன்சும் எனக்குச் செல்லுமா? பிளேற்றில டபிள்யூ.பி எண்டு கொழும்புப் பக்க எழுத்து இருந்தா மாத்தவேணுமா?

கச்சேரியடி:

தம்பியார் விற்கிறதுக்கு அவருக்கு அதிகாரம் வேணும். அண்ணன் தம்பி என்கிற உறவு பத்திரம் ஆகாது. பிரான்சில் இருக்கிறவர் அற்றோணித் தத்துவம் (பவர் ஒஃப் அற்றோணி) எழுதி, அங்கேயுள்ள இலங்கைத் தூதரகத்தின் சான்றுறுதியோடு அனுப்பவேணும். அதில் பொதுவாக "என் சொத்துகளை" என்று எழுதாமல், வாகனத்தின் பதிவு இலக்கம், சாசி இலக்கம், எஞ்சின் இலக்கம், "விற்கவும், கைமாற்றப் படிவங்களில் கையொப்பமிடவும், பணம் பெறவும்" என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கோ. பணம் பெற என்ற சொல் இல்லாமல் வந்த பத்திரத்தால் பின்னர் குடும்பத்துக்குள் பிணக்கு வந்தால், நடுவில் நிற்கப்போறது நீங்கள்.

பத்திரம் வந்த பிறகு அதை இங்கே பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதியவேணும். பதியாத அற்றோணித் தத்துவத்தைக் கவுண்டரில் ஏற்கமாட்டினம். யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டு அமைச்சின் பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் இருக்கு, சான்றுறுதியில் சந்தேகம் என்றால் கொழும்புக்கு ஓட முதல் அங்கே கேளுங்கோ. எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதும் முக்கியம். அவர் இறந்த நிமிடத்தோடு தத்துவமும் முடிந்தது. கையொப்பம் வைக்கிற அன்று ஒரு வீடியோ அழைப்பு எடுத்துப் பேசிவிடுங்கோ.

உண்மையைச் சொன்னால், ஒரு டியோவுக்கு இவ்வளவு பாடும் பெறுமதியா என்று யோசியுங்கோ. புக்கில் இருக்கிற ஆளே நேரில் நின்று விற்கிற ஸ்கூட்டி யாழ்ப்பாணத்தில் தாராளமாகக் கிடைக்கும்.

வருமான உத்தரவுப்பத்திரம் வாகனத்துக்கானது, அதில் உள்ள திகதி வரை ஓடும். திகதி முடிய முதல் புதுப்பியுங்கோ, பிந்தினால் தண்டப்பணம் சேரும். புதுப்பிக்க நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், பழைய உத்தரவுப்பத்திரம். நல்லூர், உடுவில், கோப்பாய், சங்கானை என்று பிரதேச செயலகங்களில் எடுக்கலாம், இணையத்திலும் செய்யலாம். இணையத்தில் போகாமல் நின்றால், இன்சூரன்ஸ் நிறுவனமோ புகைப் பரிசோதனை நிலையமோ உங்கள் நம்பரைப் பிழையாக ஏற்றியிருக்கலாம். முதலில் அதைச் சரிபாருங்கோ.

இன்சூரன்ஸ் அப்படியில்லை. ஒப்பந்தம் பழைய உரிமையாளரோடு செய்தது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி இருந்தால் றோட்டில் மறிக்கும்போது சமாளிக்கலாம், ஆனால் ஃபுல் இன்சூரன்ஸில் உங்கள் காருக்கு அடி விழுந்தால் "உங்களுக்கும் எங்களுக்கும் என்ன ஒப்பந்தம்" என்று கேட்பினம். கைமாற்றப் படிவம் ஒப்படைத்த ரசீதோடு அன்றே உங்கள் பெயரில் புதிதாக எடுங்கோ. ரொறன்ரோ இன்சூரன்ஸில் விபத்தில்லாத வருடங்களுக்குக் கடிதம் வாங்கி வந்திருந்தால் காட்டுங்கோ. சில இடங்களில் கழிவு தருவினம், கேட்காவிட்டால் ஒருவரும் தரமாட்டினம்.

டபிள்யூ.பி பற்றிப் பயப்படவேண்டாம். மாகாண எழுத்து இப்போது புதிய பிளேற்றுகளில் வாறதில்லை. அதை மட்டும் பார்த்து விலையைக் குறைக்கவோ கூட்டவோ தேவையில்லை. யாராவது பிளேற்றில் சிங்கள ஸ்ரீ எழுத்து உள்ள பழைய மொறிஸ் மைனர் கார் காட்டினால் அது வேறு உலகம். 1957 இல் அந்த எழுத்துக்கு எதிராகத் தமிழ்ப் பகுதியெங்கும் நடந்த போராட்டம் ஒரு பக்கம், அப்படியான கார்களின் புக் யுத்தத்துக்குள் எத்தனை வீடு இடம்பெயர்ந்து வந்திருக்கும் என்பது மற்றப் பக்கம். ஆசைக்கு வாங்கலாம், அவசரத்துக்கு வாங்கக்கூடாது.

சுன்னாகம்_கராஜ்:

புகைப் பரிசோதனையில பெயிலாகி அந்தரப்படுறவைக்கு ஒரு சொல். கிளீன்கோ, லாஃப்ஸ் ரெண்டு நிறுவனமும்தான் செய்யிறது, முறை ஒண்டுதான். பெற்றோல் கார் எண்டா ஐட்லிங்கில ஒருக்கா, 2500 ஆர்.பி.எம்மில ஒருக்கா அளப்பினம். டீசலுக்கு அக்சிலேற்றரை முழுக்க மிதிச்சு மிதிச்சு விட்டுக் கறுப்புப் புகையை அளப்பினம். டைமிங் பெல்ற் பழசா இருந்தா அந்த மிதியில அறுந்துபோகவும் கூடும், டீசல் வாகனக்காரர் முன்னமே பார்த்துக்கொள்ளுங்கோ.

எஞ்சின் சூடா இருக்கவேணும். வீட்டுக்குப் பக்கத்தில நிலையம் இருந்தா நேரா உள்ள விடாம, ஒரு சுத்துச் சுத்திப்போட்டு விடுங்கோ. ஏயர் ஃபில்ரர் புழுதியில அடைச்சிருந்தாப் பெற்றோலும் பெயில், டீசலும் பெயில். ஃபில்ரர், பிளக், எஞ்சின் ஒயில் மூண்டையும் மாத்திப்போட்டுப் போனா அநேகமாப் பாஸ். அதுக்கு மேலயும் பெயில் எண்டா பெற்றோலில ஒக்சிஜன் சென்சர், இல்லாட்டி கற்றலிற்றிக் கொன்வேட்டர் பார்க்கவேணும். டீசலில இன்ஜெக்டர். சைலன்சரில ஓட்டை இருந்தா வெளிக்காத்துக் கலந்து அளவு பிழைக்கும், முதல்ல அதை ஒட்டுங்கோ.

கார் வாங்க முதல் விற்கிறவரிட்டக் கடைசிப் புகை அறிக்கையைக் கேளுங்கோ. பாஸ் எண்ட சொல்லைப் பார்க்காம உள்ள இருக்கிற எண்ணைப் பாருங்கோ. எல்லைக்குக் கிட்டத் தட்டிக்கொண்டு நிண்டா அடுத்த வருசச் செலவு உங்கட தலையில, அதை இப்பவே விலையில கழியுங்கோ. றோட்டில ஓடேக்க லைசன்ஸ், உத்தரவுப்பத்திரம், இன்சூரன்ஸ் காணும். மூலப் புக்கைக் காருக்க வைக்கவேண்டாம், கார் களவு போனா கள்ளனுக்குப் பத்திரத்தையும் சேர்த்துக் குடுத்த மாதிரி.